விடுதிக் கட்டணமும் சீதன வீடும்

அக்கரைப்பற்றில் வீடு பெண்ணுக்குரியது. முஸ்லிம் குடும்பமாயினும் தமிழ்க் குடும்பமாயினும், மகளுக்கு மாப்பிள்ளை பேசத் தொடங்குமுன் அவளுக்கென ஒரு வீட்டைக் கட்டி முடிப்பது தந்தையின் முதற் கடமையாகக் கருதப்படுகின்றது. திருமணம் முடிந்ததும் மாப்பிள்ளை அவ்வீட்டுக்குக் குடிவருவார். மூத்தவளுக்கு வீட்டைக் கொடுத்த பெற்றோர் இளைய பெண்மக்களுடன் அதே வளவிலோ அயலிலோ வேறொரு வீட்டுக்கு மாறுவர். அடுத்தவளின் திருமணத்துடன் அதனையும் விட்டு விலகுவர். வசதி குறைந்தோர் ஈற்றில் ஒரு சிறு குடிலில் ஒதுங்குவதும் உண்டு. இவ்வேற்பாட்டில் ஆண்மக்களுக்கு வீடு இல்லை. அவர்கள் வாழப்போகும் வீட்டை வேறொருவர் தம் மகளுக்காகக் கட்டிக்கொண்டிருப்பார். குடியும் தாய்வழியே வருவது. 1969ஆம் ஆண்டு தொடக்கம் இவ்வூரில் கள ஆய்வு செய்த அமெரிக்க மானிடவியலாளர் டெனிஸ் மெக்கில்வ்ரே 2008இல் வெளியிட்ட பெருநூலில் இம்முறைமையை மிக விரிவாக எடுத்துரைத்துள்ளார்.

இஸ்லாமிய வாரிசுரிமைச் சட்டம் மகனுக்கு இரண்டு பங்கும் மகளுக்கு ஒரு பங்கும் விதிக்கின்றது. ஆயினும், தந்தை உயிரோடிருக்கும்போதே வீட்டையும் வயற்காணியையும் சீதனமாக எழுதிக் கொடுத்துவிடுவதால், அவர் கண்மூடும்போது பங்கிடுவதற்கென எஞ்சுவது பெரும்பாலும் சொற்பமே. சட்டத்தை மீறாமலே வழக்கம் தன் காரியத்தைச் சாதித்துக்கொள்கின்றது.

இத்தகைய ஊரில் மகனொருவனைத் தொலைதூரக் கல்லூரியொன்றின் விடுதியிற் சேர்ப்பது எளிய முடிவன்று. வேளாண்மைக் குடும்பத்தின் கையிருப்பு ஒன்றுதான். ஒரு போகத்து நெல். அதனை விற்ற பணம் மகளின் வீட்டுக்குச் சுவராகவும் ஆகலாம், மகனின் விடுதிக் கட்டணமாகவும் ஆகலாம். இரண்டும் ஒருங்கே ஆவதற்குப் போடியாராக இருக்கவேண்டும். கிழக்கு முஸ்லிம்களின் கல்வி வரலாற்றை எழுதுவோர் கல்லூரிகளின் தோற்றத்தையும் அதிபர்களின் சேவையையும் குறிப்பிடத் தவறுவதில்லை. அக்கல்விக்கான பணம் எந்தச் சுவரிலிருந்து எடுக்கப்பட்டது என்பது அவ்வரலாறுகளில் அருகியே காணப்படுகின்றது.

மேற்படிப்புக்கு மட்டக்களப்பு நகரம் இருந்தது. அங்கே மெதடிஸ்த மத்திய கல்லூரி 1814ஆம் ஆண்டிலேயே தொடங்கப்பட்டுவிட்டது. புனித மிக்கேல் கல்லூரி 1873இல் தோன்றியது. காரைதீவிற் பிறந்த சுவாமி விபுலானந்தர் கல்முனை மெதடிஸ்த பாடசாலையிலும் பின்னர் புனித மிக்கேல் கல்லூரியிலும் பயின்றவர். அவர் முன்னின்று நிறுவிய சிவானந்த வித்தியாலயம் 1929இல் கல்லடி உப்போடையிலே விடுதியுடன் எழுந்தது. அக்கரைப்பற்றுத் தமிழ் மாணவருக்கு இவை வாய்ப்பாயின. முஸ்லிம் பெற்றோரோ தயங்கினர். இத்தயக்கத்தைக் கல்வியில் நாட்டமின்மை என்று கூறிவிடுவது எளிது. அவ்வாறே பலர் கூறியும் உள்ளனர். ஆனால், பன்னிரண்டு வயதுப் பையனை ஆண்டில் ஒன்பது மாதம் பிறர் பொறுப்பில் விடும் ஒரு தாயின் ஐயங்கள் நடைமுறை சார்ந்தவை. வெள்ளிக்கிழமைத் தொழுகைக்கு விடுவார்களா? நோன்பு காலத்தில் ஸஹர் உணவு கிடைக்குமா? உண்ணும் இறைச்சி ஹலாலானதா? இவற்றுக்கு உறுதியான மறுமொழி தரக்கூடிய விடுதி அன்றைய கிழக்கில் இருக்கவில்லை.

அத்தகைய மறுமொழி கொழும்பிலே, மருதானைப் பள்ளிவாசல் வளவில் இருந்தது. ஸாஹிறாக் கல்லூரி 1892இல் தொடங்கப்பட்டது. ‘முஸ்லிம் நேசன்’ பத்திரிகையை 1882இல் ஆரம்பித்தவரும், 1885இல் ‘அசன்பேயுடைய கதை’யை எழுதியவருமான சித்தி லெப்பை, கொழும்பின் வாப்பிச்சி மரைக்கார், எகிப்திலிருந்து நாடு கடத்தப்பட்டு 1883இல் இலங்கை வந்துசேர்ந்த ஒறாபி பாஷா ஆகியோரின் முயற்சியால் விளைந்தது அது. ஆங்கிலக் கல்வி மதத்தைக் கெடுத்துவிடும் என்ற அச்சத்துக்கு, பள்ளிவாசலின் நிழலிலேயே ஆங்கிலக் கல்வியை வைத்து விடைகூறியமை அவர்களது மதிநுட்பம். இந்தியாவிலே சேர் செய்யது அகமதுகான் 1875இல் அலிகாரில் தொடங்கிய கல்லூரியிலும் இதே சிந்தனை தொழிற்பட்டது. கேம்பிரிட்ஜைக் கண்டு திரும்பிய அவர், வகுப்பறையைவிட விடுதி வாழ்க்கையே புதிய தலைமுறையொன்றை உருவாக்கும் என நம்பினார்.

ஆனால் முதல் முப்பது ஆண்டுகளில் ஸாஹிறா பெரும்பாலும் கொழும்புக்கே உரியதாயிருந்தது. 1921இல் டி. பி. ஜாயா அதிபர் பொறுப்பை ஏற்றபோது மாணவர் தொகை அறுபதுக்கும் குறைவு. 1947இல் அவர் அரசாங்கத்தில் அமைச்சராகச் செல்லும்போது அது நாடறிந்த கல்லூரியாகியிருந்தது. எனினும், அக்கரைப்பற்று வேளாளனின் மகன் அங்கு போய்ச் சேரும் வழி தெளிவாவதற்கு வேறொரு நிகழ்ச்சி வேண்டியிருந்தது. அது கல்வியோடு எவ்விதத் தொடர்புமற்றது, யுத்தத்தால் வந்தது.

1942இல் பர்மா ஜப்பானியர் வசமானது. இலங்கைக்கு வரும் பர்மா அரிசி நின்றது. உள்ளூரில் நெல்லுற்பத்தியைப் பெருக்கவேண்டிய அவசரத்தில் அரசாங்கம் கல்முனையிலே அவசரகாலக் கச்சேரியொன்றை அமைத்தது. அதற்குப் பொறுப்பான உதவி அரசாங்க அதிபராக அனுப்பப்பட்டவர் ஏ. எம். ஏ. அஸீஸ். யாழ்ப்பாணத்து வண்ணார்பண்ணையில் 1911இற் பிறந்து, வைத்தீஸ்வரா வித்தியாலயத்திலும் யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரியிலும் பயின்று, இலங்கைச் சிவில் சேவையில் இடம்பெற்ற முதல் முஸ்லிம் அவர். காடு வெட்டிக் கழனியாக்கும் பணிக்காக வந்தவர், அக்கழனிகளில் இறங்கி நின்ற மக்களின் நிலையையும் கண்டார். நிலம் இருந்தது, நெல் விளைந்தது, உயர்கல்வி கற்றோர் மட்டும் மிகச் சிலராயிருந்தனர். அவ்வாண்டிலேயே கல்முனை முஸ்லிம் கல்விச் சங்கம் தோன்றுவதற்கு அவர் காரணராயிருந்தார். 1945இல், வசதியற்ற மாணவரின் உயர்கல்விக்கு உதவும் பொருட்டு இலங்கை முஸ்லிம் கல்விச் சகாய நிதி அவரது முன்முயற்சியால் நிறுவப்பட்டது. 1948இல் சிவில் சேவையைத் துறந்து ஸாஹிறாவின் அதிபரானார். அக்காலத்தில் ஓர் இளம் சிவில் சேவை அதிகாரி அப்பதவியை விட்டு ஆசிரியத் தொழிலுக்கு வருவதென்பது பலருக்கு விளங்காத காரியம். கல்முனையில் அவர் கண்டதை எண்ணிப் பார்த்தால் விளங்காமற் போவதற்கில்லை.

இவ்வாறுதான் வழி திறந்தது. அதிபரைத் தெரிந்த ஊர் என்ற உணர்வு கிழக்கில் ஏற்பட்டது. வாப்பாமார் துணிந்தனர்.

பயணம் நெடியது. அக்கரைப்பற்றிலிருந்து அட்டாளைச்சேனை, பாலமுனை, நிந்தவூர், காரைதீவு, சாய்ந்தமருது எனக் கரையோர ஊர்களை ஒவ்வொன்றாகத் தொட்டு, கல்முனையைக் கடந்து, மட்டக்களப்பு வரை ஏறத்தாழ 40 மைல் பேருந்தில் செல்லவேண்டும். கூரையின் மேல் றங்குப் பெட்டி. மடியில், உம்மா கட்டிக்கொடுத்த மாசிச் சம்பற் போத்தல். கல்லடி வந்ததும் சிவானந்தாவில் சேரும் தமிழ்ப் பையன் இறங்கிவிடுவான். மற்றவன் பாலத்தைக் கடந்து புகையிரத நிலையத்துக்குச் செல்வான். 1928இல் மட்டக்களப்புக்கு வந்த அப்பாதைதான் அவனை ஓர் இரவுப் பயணத்தில் மருதானையிற் கொண்டுபோய் விடுவது. நிலையத்திலிருந்து கல்லூரி நடைதூரத்தில் இருந்தது. ஒரே பேருந்தில் ஒன்றாக ஏறிய இரு மாணவருள் ஒருவன் அன்று மாலையே தன் கட்டிலில் உறங்க, மற்றவன் மறுநாட் காலையிலும் பெட்டியின் மேல் அமர்ந்திருப்பான். ஒரே ஊரின் இரு சமூகத்தாரும் கல்விக்காகப் பிரிந்து சென்ற பாதை இது. பிற்காலத்தில் நேர்ந்தவற்றை அறிந்தோர்க்கு இக்காட்சி சற்றே நெஞ்சை உறுத்தும்.

விடுதியின் முதல் மாதங்கள் மொழியின் மாதங்களாகவே கழிந்தன எனலாம். கொழும்பு வணிகக் குடும்பத்துப் பிள்ளைகள் வீட்டிலேயே ஆங்கிலத்தைக் கேட்டு வளர்ந்தவர்கள். கிழக்கிலிருந்து வந்தவன் ஆங்கிலத்தைப் புத்தகத்தில் மட்டும் கண்டவன். அவனுடைய தமிழும் அங்கே வேறாக ஒலித்தது. ‘பிறகு’ என்னும் பொருளில் அவன் ‘மறுகா’ என்பான். ‘திரும்பு’ என்பதற்குக் ‘கிறுகு’ என்பான். விடுதி முழுவதும் சிரிக்கும். சிரித்தவர்களின் தமிழைவிடத் தன் தமிழ் பழைய வழக்குகளைப் பேணியது என்று அறிவதற்கு அவன் பல்கலைக்கழகம் வரை செல்லவேண்டியிருந்தது. அதுவரையில் அவன் வாய்மூடிக் கேட்பவனானான். கேட்டுக்கேட்டு ஆங்கிலத்தைப் பிடித்துக்கொண்டவர்கள் பலர். சிலர் அதனோடு ‘மறுகா’வையும் விட்டுவிட்டனர்.

ஆயினும் ஸாஹிறா அக்காலத்தில் தமிழுக்குப் பகையான இடமன்று. அதிபரே தமிழில் ‘இலங்கையில் இஸ்லாம்’ போன்ற நூல்களை எழுதியவர். பேராசிரியர் கா. சிவத்தம்பி அக்கல்லூரியில் மாணவராயிருந்து, பின்னர் அங்கேயே ஆசிரியராகவும் பணியாற்றியவர். வடமராட்சியிலிருந்து வந்த தமிழரும் அக்கரைப்பற்றிலிருந்து வந்த முஸ்லிமும் ஒரே வளவில் தமிழைப் பேசிப் பழகிய கல்லூரி அது. கிழக்கு மாணவன் இழந்த நம்பிக்கையை ஓரளவு மீட்டுக்கொடுத்தது இச்சூழலே.

இனிப் பணத்தின் கதையைக் கூறவேண்டும். பாடசாலை ஆண்டு ஜனவரியில் தொடங்கும். பெரும்போகத்து வேளாண்மையோ அப்போது வயலில் பச்சையாக நிற்கும். வெட்டிச் சூடு மிதித்து நெல் வீடு வந்துசேர பெப்ரவரியும் மார்ச்சும் ஆகிவிடும். ஆகவே ஆண்டின் மிகப் பெரிய செலவு, கையில் ஒரு சதமும் இல்லாத மாதத்தில் வந்து நிற்கும். றங்குப் பெட்டி, உடுப்பு, சப்பாத்து, மெத்தை விரிப்பு, பயணச் செலவு, முதலாந் தவணை விடுதிக் கட்டணம் ஆகிய யாவும் கடனாகவே புறப்படும். விளையப்போகும் நெல்லைக் காட்டி வாங்கிய கடனை அறுவடைக் களத்திலேயே, விலை மிகக் குறைந்திருக்கும் நாளில், நெல்லாக அளந்து கொடுக்கவேண்டும். 1945இல் வந்த இலவசக் கல்வி கற்பித்தலுக்கான கட்டணத்தையே நீக்கியது. விடுதியில் உண்பதற்கும் உறங்குவதற்கும் பின்னரும் பணம் வேண்டியிருந்தது. வெள்ளம் வந்த ஆண்டிலும் மழை பொய்த்த ஆண்டிலும் தவணை தவறுவதில்லை.

இத்தகைய ஆண்டுகளில் வீட்டில் என்ன நிகழும் என்பதை ஊரார் நன்கறிவர். இளைய மகன் பாடசாலையிலிருந்து நிறுத்தப்படுவான். பரணில் காவலிருக்கவும் எருமை சாய்க்கவும் ஆள் வேண்டும்; கூலிக்கு ஆள் வைத்தால் மூத்தவனுக்கு அனுப்பப் பணமிராது. மகளுக்கென எழுப்பிய வீடு ஜன்னல் மட்டத்தில் நிற்கும். மழையில் நனைந்து பாசி படரும். பார்த்துச் செல்வோர், மகன் கொழும்பில் படிக்கின்றான் என்று தாமே காரணத்தைச் சொல்லிக்கொள்வர். அச்சொல்லில் மதிப்பும் இருந்தது, சிறிது இரக்கமும் இருந்தது. அவளுக்குப் பேசிய இடம் ஓராண்டு தள்ளிப்போகும். சில வேளை வேறு இடம் பார்த்துக்கொள்ளும். அவளைக் கேட்டு எடுத்த முடிவன்று அது. வயதுக்கு வந்ததோடு அவளுடைய பாடசாலை முடிந்துவிட்டது. அண்ணனின் கடிதத்தைத் தந்தைக்கு வாசித்துக் காட்டும் அளவுக்கு மட்டும் எழுத்தறிந்திருந்தாள்.

அண்ணன் நன்றிகெட்டவனல்லன் என்பதையும் சொல்லவேண்டும். தங்கைமாருக்கு வீடு கட்டி முடிக்கும் வரை தான் திருமணம் செய்வதில்லை என்றிருந்த படித்த இளைஞர் இக்கரையோரத்தில் ஏராளம். எழுதுவினைஞராகவும் ஆசிரியராகவும் பெற்ற முதற் சம்பளம் சீமெந்தாக மாறி ஊருக்கு வந்தது. ஜன்னல் மட்டத்தில் நின்ற சுவர்கள் எழுந்தன. கொடுத்த கடன் திரும்பியது என்று கணக்கை இங்கேயே முடிக்க விரும்புவோர் முடிக்கலாம்.

ஆனால் கணக்கு அத்துடன் முடியவில்லை. படித்து வந்தவன் ஊரில் வேறொரு தந்தைக்கு மாப்பிள்ளையானான். அவனுக்கு ஓலை வீட்டைக் கொடுக்க எவரும் துணியவில்லை. மருத்துவருக்கும் வழக்கறிஞருக்கும் ஓட்டு வீடு, கல்வீடு, அத்துடன் வயற்காணி, கையில் ரொக்கம் எனச் சீதனத்தின் அளவு ஏறியது. வேளாண்மை செய்பவனுக்கு மகளைக் கொடுக்க எண்ணியிருந்தவரும், அயல்வீட்டுக்குப் படித்த மாப்பிள்ளை வந்ததைக் கண்டு தம் திட்டத்தை மாற்றினார். ஒரு தங்கையின் சுவரை நிறுத்திப் பெற்ற கல்வி, மற்றொருத்தியின் சுவரை இன்னும் உயரமாகக் கட்டவைத்தது. கல்வி பரவினால் சீதனம் குறையும் என மேடைகளில் உரையாற்றியோர் பலருள்ளும் இதனை எதிர்பார்த்தவர் ஒருவரேனும் இருந்திருப்பாரோ என்பது ஐயத்துக்குரியது. வீடு பெண்ணின் பெயரில் இருப்பதால் அவளுக்கு உள்ள காப்பு உண்மையானது. மணமுறிவிலும் கைம்மையிலும் அவள் தெருவில் நிற்பதில்லை. அக்காப்பின் விலையை ஏற்றியோர் தாம் என்பதைப் படித்த ஆண்கள் ஒப்புக்கொள்வதுதான் அரிது.

ஊருக்குத் திரும்பாதோரும் இருந்தனர். அவர்களுக்குக் கொழும்பிலேயே பெண்வீட்டார் கிடைத்தனர். தாய்வழி முறைமையில் மகன் எப்படியும் வேறு வீட்டுக்குச் செல்பவன்தான். அவ்வீடு அடுத்த தெருவில் இருந்தாலென்ன, கொழும்பில் இருந்தாலென்ன என்று தந்தைமார் தம்மைத் தேற்றிக்கொண்டனர் போலும். தாய்மாருக்கு அது தேறுதலாகவில்லை. அடுத்த தெரு மாப்பிள்ளை நாள்தோறும் உம்மாவின் குசினியில் ஒரு வாய் உண்டுவிட்டே செல்வான்.

மருதானைக்குச் செல்லும் தேவை பின்னர் படிப்படியாகக் குறைந்தது. கல்முனையிலேயே 1949இல் ஒரு ஸாஹிறா தோன்றியது. அக்கரைப்பற்றில் முஸ்லிம் மத்திய கல்லூரி வளர்ந்தது. 1960ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூலம் உதவி பெறும் பாடசாலைகளை அரசாங்கம் பொறுப்பேற்கத் தொடங்கியபின் நாட்டின் கல்லூரிகள் பலவற்றின் தன்மையே மாறியது. அஸீஸும் 1961இல் அதிபர் பதவியிலிருந்து விலகினார். அவ்வாண்டிலேயே அம்பாறை தனி மாவட்டமாயிற்று. 1974இல் பல்கலைக்கழக அனுமதி மாவட்ட அடிப்படைக்கு மாற்றப்பட்டபோது அந்த எல்லைக்கோடு எதிர்பாராத பயனைத் தந்தது. அம்மாற்றம் யாழ்ப்பாண மாணவருக்கு இழைத்த இழப்பும், அதனால் விளைந்த கசப்பும் பெரியன; அவற்றை மறைத்துப் பேசுவது நேர்மையாகாது. அதே மாற்றம் அக்கரைப்பற்று மாணவனுக்கு, கொழும்பிற் படிப்பதைவிட ஊரிற் படிப்பதே இலாபம் என்ற நிலையை முதன்முதலாக உண்டாக்கியது. கொழும்பிலே போட்டியிடுவானேன்? றங்குப் பெட்டிகள் பரணுக்கு ஏறின.

1985இலும் 1990இலும் தமிழ், முஸ்லிம் மக்களிடையே மூண்ட வன்செயல்களும் தொடர்ந்த யுத்தமும் மட்டக்களப்புப் பாதையையே அச்சத்துக்குரியதாக்கின. ஒரே பேருந்தில் ஏறிய இரு பையன்களின் காலம் அத்துடன் முடிவுற்றது. அம்முடிவினூடேதான் கிழக்கு முஸ்லிம்களுக்குத் தம் மண்ணில் ஓர் உயர்கல்வி நிலையம் வேண்டும் என்ற கோரிக்கை வலுப்பெற்றது. எம். எச். எம். அஷ்ரபின் முயற்சியால் தென்கிழக்குப் பல்கலைக்கழகக் கல்லூரி 1995இல் தொடங்கப்பட்டு, 1996இல் பல்கலைக்கழகமாக உயர்ந்து, ஒலுவிலில் நிலைபெற்றது. அக்கரைப்பற்றிலிருந்து ஒலுவிலுக்குச் சில மைல்களே. மருதானைக்கு ஓர் இரவு முழுவதும் சென்ற அதே பாதையின் முதற் துண்டு அது.

அப்பல்கலைக்கழகம் ஆண்களுக்கு மட்டும் உரியதன்று. நாடெங்கும் பல்கலைக்கழக அனுமதி பெறுவோருள் இன்று பெண்களே அதிகம். இக்கரையோரத்துப் பெண்களும் அத்தொகையில் அடங்குவர். பன்னிரண்டு வயதில் பாடசாலையை விட்ட தங்கையின் பேத்தி காலையில் பேருந்தேறி விரிவுரைக்குச் சென்று மாலையில் வீடு திரும்புகின்றாள். விடுதிக் கட்டணம் இல்லை. நெல் விற்ற பணத்துக்கு வீட்டில் ஒரே செலவுதான் எஞ்சியிருக்கின்றது. பட்டதாரிப் பெண்ணுக்குப் பட்டதாரி மாப்பிள்ளை வேண்டும். அவருக்கேற்ற வீடும் வேண்டும். அவள் படித்துக்கொண்டிருக்கும் அதே ஆண்டுகளில் வளவின் மறுபக்கத்திலே அவளுக்கான வீடு எழுந்துகொண்டிருக்கின்றது. கூரை ஏறிவிட்டது, சுவர்களுக்கு இன்னும் பூச்சு முடியவில்லை. அடுத்த போகம் வெட்டியபின் பார்க்கலாம் என்று வாப்பா சொல்லியிருக்கின்றார்.